ஒரு லிட்டர் பெட்ரோலும் அதன் பங்காளிகளும்

விலைவாசியைப் பற்றிப் பேச்செழுந்தால், அரிசிக்கும் பருப்புக்கும் அடுத்தபடியாக நம் இல்லங்களில் அடிபடும் பெயர் பெட்ரோல். ஒரு காலத்தில் அது கார் வைத்திருப்போரின் கவலையாக மட்டுமே இருந்தது. இன்றோ இருசக்கர வண்டியில் வேலைக்குச் செல்லும் கொத்தனாருக்கும், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வரும் தாய்க்கும் அது அன்றாடச் செலவு. வண்டியே இல்லாதவர்களையும் எண்ணெய் விலை விட்டுவைப்பதில்லை. ஒட்டன்சத்திரத்துச் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரி டீசலில்தான் ஓடுகிறது. லாரி வாடகை ஏறினால் கத்தரிக்காயின் விலையும் உடன் ஏறும்.

விலை ஏறும்போதெல்லாம் நாம் யாரையாவது நொந்துகொள்கிறோம். சிலர் பங்க் முதலாளியை ஏசுகிறார்கள். சிலர் அரபு நாடுகளை ஏசுகிறார்கள். சிலர் ஆளுங்கட்சியை ஏசுகிறார்கள். ஏசுவது எளிது, கணக்குப் பார்ப்பது சற்றுக் கடினம். ஆயினும், மாதந்தோறும் வரவு செலவு எழுதிக் குடும்பம் நடத்தும் நம் வாசகர்களுக்கு அது இயலாத காரியமன்று. ஆகவே, ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையைப் பிரித்து, அதில் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை இம்மாதம் பார்ப்போம்.

இரண்டு கணக்குகள்

2021ஆம் ஆண்டு பிப்ரவரி நடுவில் டில்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 89 ரூபாய் 29 காசுக்கு விற்றது. அதில் எண்ணெய்க் கம்பெனியின் அடிப்படை விலை 31 ரூபாய் 82 காசு. கச்சா எண்ணெய், கப்பல் கூலி, சுத்திகரிப்புச் செலவு, கம்பெனியின் இலாபம் எல்லாம் இதற்குள் அடக்கம். ஏற்றுகூலி 28 காசு. பங்க் நடத்துபவருக்குக் கமிஷன் 3 ரூபாய் 68 காசு. மத்திய அரசின் கலால் வரி 32 ரூபாய் 90 காசு. டில்லி அரசின் மதிப்புக் கூட்டு வரி 20 ரூபாய் 61 காசு. இரு வரிகளையும் கூட்டினால் 53 ரூபாய் 51 காசு. அதாவது, விலையில் நூற்றுக்கு அறுபது பங்கு வரி!

அடுத்த கணக்கு, 2022ஆம் ஆண்டு மே மாதம் மத்திய அரசு வரியைக் குறைத்த பின்னர் உள்ளது. அப்போது டில்லியில் விலை 96 ரூபாய் 72 காசு. அடிப்படை விலை 57 ரூபாய் 13 காசு. ஏற்றுகூலி 20 காசு. கமிஷன் 3 ரூபாய் 78 காசு. கலால் வரி 19 ரூபாய் 90 காசு. டில்லி அரசின் வரி 15 ரூபாய் 71 காசு. வரி இங்கே நூற்றுக்கு முப்பத்தேழு பங்காகக் குறைந்திருக்கிறது.

இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடையில் உக்ரைன் போர் மூண்டது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறக்குறைய இரு மடங்காயிற்று. ஆனால் நாம் கொடுத்த விலை ஏறியது ஏழரை ரூபாய்க்குள்தான். விலை உச்சிக்குப் போன காலத்தில் அரசு தன் பங்கைச் சற்றே விட்டுக்கொடுத்தது என்பது உண்மை. ஆயின், எண்ணெய் மலிந்த காலத்தில் அந்த மலிவு நமக்கு வந்து சேரவில்லை என்பதும் அதே கணக்கு சொல்லும் உண்மையே.

மலிவு போன இடம்

பெட்ரோலின் விலையை அரசே நிர்ணயிக்கும் முறை 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் கைவிடப்பட்டது. டீசலுக்கு 2014ஆம் ஆண்டு அக்டோபரில் அவ்வாறே செய்யப்பட்டது. உலகச் சந்தையில் விலை ஏறினால் இங்கும் ஏறும், அங்கு இறங்கினால் இங்கும் இறங்கும் என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள்.

நடந்தது என்ன? 2013-14ஆம் நிதியாண்டில் நம் நாடு வாங்கிய கச்சா எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்குச் சுமார் 105 டாலர். 2015-16ஆம் ஆண்டில் அது சுமார் 46 டாலருக்கு இறங்கிற்று. பாதிக்கும் கீழே! ஆனால் டில்லியில் 2014 மே மாதம் 71 ரூபாயாக இருந்த பெட்ரோல், 2016 ஜனவரியில் 60 ரூபாய் அளவிலேயே நின்றது. இடைப்பட்ட காலத்தில், 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை, கலால் வரி ஒன்பது முறை உயர்த்தப்பட்டது. லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த வரி 21 ரூபாய் 48 காசாயிற்று.

2020ஆம் ஆண்டில் இதனினும் வியப்பான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. நோய்த்தொற்றினால் உலகமே கதவடைத்திருந்த ஏப்ரல் மாதத்தில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 20 டாலர் அளவுக்கு வீழ்ந்தது. ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர். அன்றைய நாணய மதிப்பில் லிட்டருக்குப் பத்து ரூபாய்கூட ஆகவில்லை. புட்டியில் அடைத்து விற்கும் குடிநீரைவிட மலிவு. அடுத்த மாதமே மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலால் வரியை உயர்த்தியது. பங்க்கில் விலை ஏறவில்லை. ஆகவே பலர் அதைக் கவனிக்கவும் இல்லை. இறங்கியிருக்க வேண்டிய விலை இறங்காமல் நின்றதே அந்த வரியின் வேலை.

பங்காளிகள் யார்?

முதல் பங்காளி, நம் கண்ணெதிரே நிற்கும் பங்க் நடத்துபவர். அவருக்கு லிட்டருக்குக் கிடைப்பது நான்கு ரூபாய் அளவு. அதில்தான் ஆட்களின் சம்பளமும் மின்கட்டணமும் வட்டியும் அடங்க வேண்டும். விலை பத்து ரூபாய் ஏறினால் அவருக்குப் பத்து ரூபாய் கிடைப்பதில்லை. கோபத்தை அவரிடம் காட்டுவதில் பயனில்லை.

இரண்டாவது பங்காளி, எண்ணெய்க் கம்பெனிகள். எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் என்னும் அந்நியக் கம்பெனிகளை எழுபதுகளில் நம் அரசு கையகப்படுத்திய வரலாறு மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். இன்று நாட்டிலுள்ள பங்க்குகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களைச் சேர்ந்தவை. 2022-23ஆம் ஆண்டில், ஏறிய விலையை மக்களிடம் வாங்காமல் விற்றதால், இந்துஸ்தான் பெட்ரோலியம் சுமார் 9,000 கோடி ரூபாய் நட்டம் கண்டது. அடுத்த ஆண்டு எண்ணெய் மலிந்தது. பங்க்கில் விலை குறையவில்லை. 2023-24ஆம் ஆண்டில் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 81,000 கோடி ரூபாய் இலாபம் ஈட்டின. கிட்டத்தட்ட இரண்டாண்டுகள் அசையாதிருந்த விலையில் 2 ரூபாய் குறைக்கப்பட்டது 2024 மார்ச் 14ஆம் நாள். நாடாளுமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டது மார்ச் 16ஆம் நாள்.

இது முதல் தடவையும் அன்று. 2021 நவம்பர் முதல் 2022 மார்ச் வரை, உத்தரப் பிரதேசம் முதலிய ஐந்து மாநிலங்களின் தேர்தல் நடந்து முடியும் வரை, கம்பெனிகள் விலையைத் தொடவில்லை. முடிவுகள் வந்த சில நாட்களில் தொடங்கி, இரண்டே வாரங்களில் லிட்டருக்குப் 10 ரூபாய் ஏற்றினார்கள். விலையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது என்றால், தேர்தல் நாட்காட்டி சந்தைக்கு எப்படித் தெரிந்தது?

மூன்றாவது பங்காளி, எண்ணெய் உற்பத்தி செய்வோர். நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. 1960ஆம் ஆண்டு பாக்தாத் நகரில் ஈரான், ஈராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுவேலா ஆகிய ஐந்து நாடுகள் கூடி அமைத்த ஓபெக் என்னும் கூட்டமைப்பு, 1973ஆம் ஆண்டுப் போருக்குப் பின் தன் பலத்தை உலகுக்குக் காட்டிற்று. சில மாதங்களில் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. இன்றும் போர் வந்தால் பூமிக்கடியில் எண்ணெய் உள்ளவருக்கு வருமானம் பெருகுகிறது. 2022ஆம் ஆண்டில் சவூதி அராம்கோவின் இலாபம் 161 பில்லியன் டாலர். அமெரிக்காவின் எக்ஸான் மொபில் ஈட்டியது 55 பில்லியன் டாலருக்கு மேல். அவர்கள் எண்ணெய் எடுக்கும் செலவு அவ்வாண்டில் அந்த அளவுக்கு உயர்ந்துவிடவில்லை. உயர்ந்தது உலகத்தின் அச்சம். அத்துடன், எண்ணெய்க்கு நாம் டாலரில் பணம் கட்டுகிறோம். 2014ஆம் ஆண்டில் சுமார் 60 ரூபாயாக இருந்த டாலர் 2024ஆம் ஆண்டு முடிவில் 85 ரூபாயை எட்டியது. கச்சா எண்ணெய் விலை மாறாதிருந்தாலுமே நம் செலவு கூடும் என்பதற்கு இதுவே காரணம்.

நான்காவது பங்காளி, அரசு. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்த இரட்டைப் பங்காளி. பெட்ரோலியப் பொருள்களின் மீது மத்திய அரசு வசூலித்த கலால் வரி 2014-15ஆம் ஆண்டில் சுமார் 99,000 கோடி ரூபாய். 2020-21ஆம் ஆண்டில் 3 இலட்சத்து 70 ஆயிரம் கோடிக்கு மேல். இந்தப் பெருக்கத்தில் மாநிலங்களுக்கு உரிய பங்கு கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. 2022ஆம் ஆண்டில் வசூலித்த 19 ரூபாய் 90 காசில், அடிப்படைக் கலால் வரி என்ற பெயரில் இருந்தது 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியது அது ஒன்றையே. நூற்றுக்கு 41 பங்கு என்ற கணக்கில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 57 காசு. மீதியெல்லாம் கூடுதல் வரி, மேல்வரி என்ற பெயர்களில் மத்திய அரசின் கருவூலத்துக்கே சென்றது.

மாநிலங்களும் சளைத்தவை அல்ல. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 3 ரூபாய் குறைத்த பின்னரும், பெட்ரோலுக்கு நூற்றுக்கு 13 பங்கும், அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் மாநில வரியாக விதிக்கப்பட்டது. இதில் சதவீதக் கணக்கில் உள்ள பகுதி, கம்பெனியின் விலை ஏறினாலும் மத்திய அரசின் வரி ஏறினாலும் தானாகவே ஏறும். வரியின் மேலும் வரி! 2021 செப்டம்பரில் இலக்னோவில் கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றம், பெட்ரோலை அந்த வரிக்குள் கொண்டுவரும் காலம் இன்னும் வரவில்லை என்று முடிவு செய்தது. மற்ற காரியங்களில் எதிரும் புதிருமாக நிற்கும் அரசுகள் இதில் மட்டும் ஒருமனப்பட்டன.

வரி தவறா?

வரி வாங்குவதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. சாலையும் மருத்துவமனையும் ரேஷன் அரிசியும் வரிப்பணத்தால்தான் நடக்கின்றன. பெட்ரோலை அடக்க விலைக்கும் கீழே விற்றால் அந்தச் சுமை வேறு வழியில் நம்மிடமே திரும்பி வரும். 2005 முதல் 2010 வரை எண்ணெய் விலையை ஏற்றாமல் இருப்பதற்காக மத்திய அரசு கம்பெனிகளுக்குக் கொடுத்த கடன் பத்திரங்கள் சுமார் 1 இலட்சத்து 30 ஆயிரம் கோடி ரூபாய். அந்தக் கடனைப் பின்வந்த அரசு பல ஆண்டுகள் வட்டியோடு சுமக்க நேர்ந்தது. அன்றியும், புகையும் நெரிசலும் மலிந்த நகரங்களில் பெட்ரோல் மலிவாக இருப்பது முழு நன்மை என்றும் சொல்லிவிட முடியாது.

கேள்வி வேறு. அந்த வரியின் பாரம் யார் தோளில் விழுகிறது? மாதம் 20 லிட்டர் பெட்ரோல் போடும் ஒருவர், 2021 பிப்ரவரிக் கணக்குப்படி, 1,070 ரூபாய் வரியாகக் கொடுத்தார். மாதம் 12,000 ரூபாய் ஊதியம் பெறும் தொழிலாளிக்கு அது வருமானத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு. 1,20,000 ரூபாய் ஊதியம் பெறுபவருக்கு நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. வருமான வரி ஆளைப் பார்த்துக் கேட்கும். பெட்ரோல் வரி ஆளைப் பார்ப்பதில்லை.

2019 செப்டம்பரில் மத்திய அரசு கம்பெனிகளின் வருமான வரியை நூற்றுக்கு 30 பங்கிலிருந்து 22 பங்காகக் குறைத்தது. இச்சலுகைகளால் அரசு இழக்கும் வருவாய் ஆண்டுக்கு 1 இலட்சத்து 45 ஆயிரம் கோடி என்று அரசே அறிவித்தது. அடுத்த ஆண்டில்தான் பெட்ரோல், டீசல் மீதான கலால் வரி வரலாறு காணாத உச்சத்துக்குப் போயிற்று. ஒரு கதவைத் திறந்துவிட்டவர்கள், அந்தக் குறையை எந்தக் கதவின் வழியே நிரப்பினார்கள் என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

நாம் செய்யக்கூடியது

முதலாவது, தெரிந்துகொள்வது. மருந்துக் கடையிலும் துணிக்கடையிலும் ரசீதில் வரியைத் தனியே அச்சிடுகிறார்கள். பெட்ரோல் பங்க்கின் பலகையிலும் அடிப்படை விலை இவ்வளவு, மத்திய வரி இவ்வளவு, மாநில வரி இவ்வளவு, கமிஷன் இவ்வளவு என்று எழுதி வைக்கும்படி நாம் கேட்கலாம். கேட்பதற்குச் செலவில்லை.

இரண்டாவது, வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம், "விலையைக் குறைப்பீர்களா?" என்று மட்டும் கேட்காதிருப்பது. குறைப்போம் என்ற பதிலை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். "உலகச் சந்தையில் விலை இறங்கினால் எங்களுக்கும் இறக்குவீர்களா? அந்த வரிக்குப் பதிலாக யாரிடம் வரி வாங்குவீர்கள்?" என்று கேட்டுப் பார்ப்போம். மனப்பாடம் அங்கே நின்றுவிடும்.

மூன்றாவது, நம் கையில் உள்ளது. ஒரே தெருவிலிருந்து ஒரே பள்ளிக்கு நான்கு வண்டிகள் போவதைத் தவிர்க்கலாம். பேருந்து உள்ள இடத்தில் பேருந்தில் போகலாம். மிச்சம் பிடிப்பது சிறு தொகைதான். ஆனால் ஒரு லிட்டரில் பங்கு கேட்டு இத்தனை பேர் நிற்கையில், வாங்காத லிட்டரில் மட்டுமே நமக்கு முழுப் பங்கு.