பலகை நீந்தாது

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் குளிக்கத் தடை என்பது காணும் பொங்கலோடு வந்து காணும் பொங்கலோடு போகும் அறிவிப்பு. மணலில் தடுப்புக் கட்டைகள் எழும்பும். காவலர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒலிபெருக்கி பொழுது சாயும்வரை எச்சரிக்கும். மறுநாள் கட்டைகளை அவிழ்த்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். மிஞ்சுவது எச்சரிக்கைப் பலகை. கோடை விடுமுறைக்கும் ஆண்டின் 52 ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் அதுவே போதும் என்பதுதான் முடிவு. உப்புக் காற்றில் தகரம் இரண்டு மழைக்காலம் தாங்குவதே பெரிது. முதலில் வெளுப்பது சிவப்பு எழுத்து. சிவப்பில் எழுதுவது பெரும்பாலும் 'ஆபத்து' என்ற சொல்லைத்தான்.

இதே கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று வாங்கப்போகிறார்களாம். பரங்கிப்பேட்டைப் பக்கத்துச் சாமியார்பேட்டையும் பட்டியலில் உண்டு. நீலக்கொடி என்பது டென்மார்க்கில் தலைமையகம் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை வழங்கும் சான்று; மொத்தம் 33 நிபந்தனைகள். குளிக்கும் நீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதும், உயிர்காப்பாளர்களோ உயிர்காக்கும் கருவிகளோ கரையில் தயாராக இருக்க வேண்டும் என்பதும் அவற்றில் அடக்கம். நம்பிக் குளிக்கலாம் என்ற கரைக்குத்தான் அந்தக் கொடி. அப்படியானால் குளிக்காதே என்கிற பலகையும், குளிக்க வா என்கிற கொடியும் ஒரே மணலில் நிற்கப்போகின்றன. மூங்கில் குடை வரட்டும், சாய்வு நாற்காலி வரட்டும், கழிப்பறை கட்டாயம் வரட்டும். நிழலில் உட்காருகிறவருக்கு இத்தனை யோசித்தவர்கள், தண்ணீரில் இறங்குகிறவரைப் பற்றி யோசித்தது ஒரு தகரத்தின் அளவுக்குத்தான்.

தடை போட்டவர்களே அதை நம்புவதில்லை. மாசி மகத்தன்று சுற்றுவட்டாரக் கோயில்களின் சாமிகள் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் வருகின்றன. ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக்கு எழுந்தருளுகிறார். அங்கே துறையின் பெயரே முழுக்குத்துறை. ஆடி அமாவாசையில் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர் முழுக்குப் போடாமல் வீடு திரும்புவதில்லை. அன்றைக்கும் பலகை அங்கேதான் நிற்கிறது. பெருமாளே தீர்த்தமாட வரும் மாவட்டத்தில் ஜனங்கள் கடலில் கால் நனைக்க மாட்டார்கள் என்று எந்த அதிகாரியும் நினைத்திருக்க முடியாது. பிறகு பலகை எதற்கு? யாராவது மூழ்கினால் 'தடையை மீறி இறங்கினார்' என்ற வாக்கியம் தயாராக இருப்பதற்கு. செய்தியின் முதல் வரியிலேயே குற்றம் செத்தவர் தலையில் விழுந்துவிடுகிறது.

ஆளை எது இழுக்கிறது என்பதைப் பலகை சொல்வதில்லை. கரையில் மோதிய அலைகளின் தண்ணீர் மணல்திட்டுகளுக்கு நடுவே ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பும். அந்த இழுப்பு நொடிக்கு 2 மீட்டர் வரை வேகம் எடுக்கும். தேர்ந்த நீச்சல்காரராலும் அதை எதிர்த்துக் கரையேற முடியாது. இதில் வஞ்சகம், அது பார்ப்பதற்குச் சாதுவாக இருப்பதுதான். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் நுரையில்லாமல், லேசாகக் கலங்கிய நிறத்தில் தண்ணீர் அமைதியாகக் கிடக்கும். குழந்தையோடு வந்த குடும்பம் அலைக்குப் பயந்து தேடிப் போவது அந்த இடத்தைத்தான். சிக்கியவர் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் மிதக்க வேண்டும், அல்லது கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைத் தாண்டிய பிறகு திரும்ப வேண்டும். கெடிலம் கடலில் கலக்கும் இடம் பக்கத்திலேயே இருப்பதால் இங்கே மணல்திட்டு மழைக்கு மழை இடம் மாறுகிறது. போன வருடம் பத்திரமாகக் குளித்த இடம் இந்த வருடம் பத்திரமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இதை அன்றன்று பார்த்து, சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளை நட்டு, இவற்றுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். கோவாவில் 2008 முதல் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள் கடற்கரைகளில் நிற்கிறார்கள். இங்கே ஆள் மூழ்கினால் ஓடிவருவது வலையைப் போட்டுவிட்டு எழும் மீனவர். அவருக்குச் சம்பளமும் இல்லை, ஒரு மிதவை வளையமும் இல்லை.

தடை வேலை செய்யாது என்பதற்கு 2024 மே 6 சாட்சி. கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 பயிற்சி மருத்துவர்கள் அலையில் பறிபோனார்கள். கடல் சீற்ற எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது, கடற்கரையும் மூடப்பட்டிருந்தது. அவர்கள் தென்னந்தோப்பு வழியாகப் போனார்கள். வாசலைப் பூட்டியவர்கள் கரையில் ஒருவரை நிறுத்தியிருந்தால் அந்தத் தோப்பு வழி பயன்பட்டிருக்காது.

அதிகார நாற்காலிகளின் பழைய கணக்கும் இப்படித்தான். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறிய ஆட்கள், மிதவை உடை கிடையாது. 22 பேர் போன பிறகு படகுச் சவாரிக்குத் தடை வந்தது. 2022 ஜூன் 5, கோடை விடுமுறையின் ஒரு ஞாயிறு: நெல்லிக்குப்பம் அருகே ஏ.குச்சிப்பாளையத்தில் கெடிலம் தடுப்பணையை ஒட்டிய தண்ணீரில் சிறுமியரும் இளம்பெண்களுமாக 7 பேர் மூழ்கினார்கள். முதலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் அவர்களில் உண்டு. குடும்பத்துக்குத் தலா 5 லட்சம் ரூபாய் அறிவித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் தொண்டை கிழியச் சொல்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் இந்த மாவட்டத்திலோ நீச்சல் இன்னும் வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளையின் கோடைப் பொழுதுபோக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தபோது, 5 முறை எச்சரித்தோம் என்று கணக்குக் காட்டினார்கள். தூக்கத்திலிருந்து எழுந்தவர் கட்டிலுக்கடியில் தண்ணீரைப் பார்த்தார். எச்சரிக்கை அனுப்பியாகிவிட்டது, கடமை முடிந்தது. பலகையும் அந்த வகை எச்சரிக்கைதான்.

சிதம்பரம் பக்கம் நிலைமை வேறு. ஆருத்ரா தரிசனத்துக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் வருகிறவர்கள் அப்படியே பிச்சாவரம் படகுச் சவாரிக்குப் போகிறார்கள். அங்கே தண்ணீரில் அலை இல்லை, படகோட்டிக்குக் கால்வாய் அத்துப்படி, மிதவை உடை இல்லாமல் படகில் ஏற முடியாது. பிள்ளைகளுக்கு மட்டும் அளவு பார்க்க வேண்டும்: பெரியவர் உடையை மாட்டிய சிறுவன் தண்ணீரில் விழுந்தால் உடை மேலே மிதக்கும், பையன் கீழே நழுவுவான். மற்றபடி அங்கே ஒழுங்கு இருப்பதன் காரணம் எளிது. டிக்கெட் விற்கிறார்கள். காசு வாங்கிய இடத்தில் உயிருக்கு ஒரு பொறுப்பாளி இருக்கிறார். கடலுக்கு டிக்கெட் கிடையாது, அதனால் ஆளும் கிடையாது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைக் காலை சுனாமியைப் பார்த்த கரை இது. தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை வரை தண்ணீரின் போக்கைப் பார்த்தே இழுப்பு எங்கே என்று சொல்லிவிடும் மீனவர்கள் குப்பத்துக்குக் குப்பம் இருக்கிறார்கள். அவர்களை வைத்து முறையான ஓர் ஏற்பாடு செய்தாக வேண்டும். எந்தத் துறை, எந்தத் தலைப்பில் செலவு, எத்தனை பேர் என்பதையெல்லாம் முடிவெடுப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மூங்கில் குடைக்குத் தலைப்புக் கண்டுபிடித்தவர்களுக்கு இது கஷ்டமாக இருக்காது.