முதலாளிக்கு ஏன் கேள்வித்தாள் இல்லை?

காஞ்சிபுரத்தை ஒட்டிய சேரி ஒன்றில், தறி ஓடும் வீடுகளுக்கு ஓர் ஆய்வு மாணவர் கேள்வித்தாளோடு வந்தார். 'பிள்ளைகளை மேற்கொண்டு படிக்க வைப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு' என்பது முதல் வரி. 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்பதில் தொடங்கி ஐந்து கட்டங்கள். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். தறிக்குழியில் காலை விட்டபடியே ஓர் அம்மா கேட்டார்: "மொதலாளிகிட்ட வாங்கின அட்வான்ஸ் இன்னும் தீரல. அதுக்கு எந்தக் கட்டம்பா?"

அதற்குக் கட்டம் இல்லை. முதலில் இருந்ததாம். "கடன் பற்றிய கேள்வி பொருளியல் துறைக்குரியது, நீ உளவியல் மாணவன்" என்று நெறியாளர் அடித்துவிட்டாராம். அந்தத் தம்பியும் நம் வீட்டுப் பிள்ளைதான், குடும்பத்தின் முதல் பட்டதாரி. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

கோர்வைச் சேலையின் பெருமையைப் பேசாதவர் இல்லை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் இழையோடு இழை கோத்து நிற்கும். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவருக்கு இருப்பதோ இரண்டு கை. ஒரு பக்கத்துக் கரை நாடாவை வீச இன்னொரு ஆள் உட்கார வேண்டும். பல காலம் அந்த இடத்தில் உட்கார்ந்தது குழந்தை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அடுத்தவர் தறியில் உட்கார்ந்த குழந்தைகளும் உண்டு.

அந்தக் குழந்தையின் தன்னம்பிக்கையை உளவியல் மாணவர் அளப்பார். குடும்ப வருமானத்தையும் பள்ளி இடைநிற்றலையும் சமூகவியல் மாணவர் அட்டவணை போடுவார். கைத்திறன் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் அழகை மானுடவியல் மாணவர் எழுதுவார். மூவருக்கும் பட்டம் கிடைக்கும். மூன்று ஆய்விலும் விசாரிக்கப்படுவது குழந்தையும் தாயும்தான். கணக்கு நோட்டு வைத்திருப்பவர் எதிலும் வரமாட்டார்.

பட்டுத்தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் உண்டு. அது கேட்ட கேள்வி வேறு. முன்பணம் கொடுத்தவர் யார்? கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்தும் அரசு ஏன் சும்மா இருந்தது? அதே தறி, அதே குழந்தைதான். பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் மாறிவிட்டார்.

நூல்களுக்கும் குறைவில்லை. கைக்கோளரைப் பற்றி மாட்டிசன் மைன்ஸ் 1984இல் எழுதினார். பத்மசாலியரைப் பற்றி ஆர்த்தி கவுல்ரா 2018இல் எழுதினார். உழைத்து எழுதிய நூல்கள், நம் மாணவர்கள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் நெசவு என்றாலே ஒரு சாதிப் பெயரோடு சேர்த்துத்தான் கேட்பது என்று பழகிவிட்டால், சுற்றுக் கிராமங்களில் தறியில் உட்கார்ந்திருக்கும் தலித் 'மரபு நெசவாளர்' என்ற சொல்லுக்கு வெளியிலேயே நிற்பார். சேலையை நெய்தவர் அவராக இருந்தாலும்.

கேள்வியை எப்படித் திருப்புவது என்பதற்கு நாம் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில், 25 வயது அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசித்தார். செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் எனப் பெரிய பெயர்கள் தந்த வரையறைகள் அவர் முன் இருந்தன. சாதியைத் தனித்தனி அலகாகப் பார்த்ததே அவற்றின் பிழை என்றார். சாதி என்றால் என்ன என்பதோடு நிற்காமல், அகமணம் எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்று கேட்டார். ஆண் பெண் எண்ணிக்கையைக் கையில் எடுத்தார். கணவனை இழந்த பெண்ணை என்ன செய்வது என்ற சிக்கலில் இருந்து உடன்கட்டைக்கும், கட்டாயக் கைம்மைக்கும், குழந்தை மணத்துக்கும் வந்து சேர்ந்தார். இந்த வழக்கங்கள் மேலிருந்து கீழே பரவியதை விளக்க, தார்த் எழுதிய போலச்செய்தல் விதிகளைத் துணைக்கு அழைத்தார். மானுடவியல், மக்கள்தொகைக் கணக்கு, மன இயல்பு எல்லாம் ஒரே கட்டுரையில்! இந்த நெறியாளரிடம் சிக்கியிருந்தால் பாதி அடிபட்டிருக்கும்.

சாதி துறை பார்த்து வாழ்வதில்லை. பட்டையும் சரிகையையும் எடை போட்டுக் கொடுப்பது யார் கை? முன்பணக் கணக்கை எழுதுவது யார், நெய்பவருக்கு அதைப் படித்துக் காட்டுகிறார்களா? நெய்த சேலையைக் கொண்டுபோன அந்த அம்மாவை எதுவரை உள்ளே விடுகிறார்கள்? இவை எந்தத் துறைக் கேள்விகள் என்று பிறகு தீர்மானித்துக்கொள்ளலாம்.

தம்பி அந்த ஐந்து கட்டங்களையே வைத்துக்கொள்ளட்டும். மேலே உள்ள வரியை மட்டும் மாற்றட்டும்: 'என் தறியில் நெய்பவர்களின் பிள்ளைகள் மேற்கொண்டு படிப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு.' எடுத்துக்கொண்டு முதலாளிமார் வீதிக்குப் போகட்டும். இதை உளவியல் இல்லை என்று நெறியாளரும் அடிக்க முடியாது.