ஓட்டையை அடைத்துவிட்டார்களாம்!

போன ஞாயிறு காலை பால் வாங்கிக்கொண்டு மேலே ஏறப் போனால், லிஃப்ட் வாசலிலேயே மடக்கிவிட்டார் எங்கள் அபார்ட்மென்ட் நண்பர். மதுரைக்காரர். டெக்சாஸில் பத்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது பெங்களூரில் என்னைப் போலவே குப்பை கொட்டுகிறவர். முகமெல்லாம் பல்.

"சார், விஷயம் தெரியுமா? ஸ்மித் அண்ட் வெஸன்காரன் ஒருவழியா அந்த ஓட்டையை எடுத்துட்டான் சார். இருபது வருஷமா எல்லாரும் கத்தினது வீண் போகலை!"

என்ன ஓட்டை, எதில் ஓட்டை என்று புரிவதற்குள் பால் பாக்கெட் வெதுவெதுப்பாகிவிட்டது. விஷயம் ரிவால்வர். சிலிண்டரைத் திறக்கும் பொத்தானுக்கு மேலே, இடது பக்கம், ஒரு சின்னத் துளை. அதில் குட்டிச் சாவியைப் போட்டுத் திருப்பினால் சுத்தியலும் ட்ரிகரும் பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். இதற்கு அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'ஹிலாரி ஓட்டை'. 2024-ல் வந்த 'அல்டிமேட் கேரி' வரிசையில் இந்தப் பூட்டு இல்லை. பழைய மாடல்கள் சிலவும் பூட்டு இல்லாமல், மரப்பிடியும் கருநீல மெருகுமாகப் பழைய அழகோடு திரும்பி வருகின்றனவாம். நண்பருக்குக் கண் கலங்காத குறை.

எனக்கோ எரிச்சல். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பி.காம். படித்தவன், கணக்கிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

1987-ல் டாம்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி ஸ்மித் அண்ட் வெஸனை வாங்கியது. விலை 11.25 கோடி டாலர். 2000 மார்ச்சில் கிளின்டன் அரசோடு ஓர் ஒப்பந்தம். ஒவ்வொரு துப்பாக்கியோடும் பூட்டு கொடுப்போம், இரண்டு வருஷத்துக்குள் துப்பாக்கிக்கு உள்ளேயே பூட்டு வைப்போம் என்றெல்லாம் அதில் உண்டு. பிரியர்கள் கொதித்தார்கள். துரோகி என்றார்கள். வாங்குவதை நிறுத்தினார்கள். 2001-ல் அதே கம்பெனி கைமாறியபோது விலை வெறும் ஒன்றரைக் கோடி டாலர், கடன் சுமை தனி. வாங்கியது யார் தெரியுமோ? சேஃப்-டி-ஹேமர் என்று, துப்பாக்கிக்குப் பூட்டு செய்கிற கம்பெனி! நம்மூர் சினிமாவில் வைத்தால் லாஜிக் இல்லை என்பார்கள்.

ஆக, அந்தத் துளையை அவர்கள் வெறுத்தது அழகு கெட்டுவிட்டது என்பதற்காக மட்டும் இல்லை. யாரோ நம்மை நம்பவில்லை, நம் கையில் ஒரு சாவியைத் திணித்துவிட்டான் என்கிற ரோஷம்.

இந்த ரோஷத்தைத்தான் என்னால் மதிக்க முடியவில்லை. பேங்க்கில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று ஆபீசரிடம், இன்னொன்று கேஷியரிடம். ஜாயின்ட் கஸ்டடி. இருபது வருஷத்துக்கு மேல் சாவி தூக்கியிருக்கிறேன். காலையில் கேஷியர் வர லேட்டானால் கவுன்ட்டரில் கூட்டம் என்னைத் திட்டும். ஒருநாள்கூட 'என்னை நம்பவில்லையா' என்று நான் கேட்டதில்லை. நம்பவில்லைதான்! என்னை நம்பாததால்தான் உங்கள் நகை பத்திரமாக இருக்கிறது.

துப்பாக்கி பற்றி உனக்கென்ன தெரியும் என்பீர்கள். கொஞ்சம் தெரியும். பல வருஷங்களுக்கு முன்னால் நான் இருந்த ஒரு கிளையில் (எந்த ஊர், எந்த பேங்க் என்பது வேண்டாம்) செக்யூரிட்டி ஒரு எக்ஸ் சர்வீஸ்மேன். தங்கமான மனுஷர். பென்ஷன்காரர்களுக்கு சலான் எழுதிக் கொடுப்பார். அவருடைய பழைய இரட்டைக் குழல் பெஞ்சில் சாத்தியிருந்தது. மதியம் யாரோ கால் தட்டிச் சரிந்து விழுந்தது. வெடித்துவிட்டது. குண்டு ஃபால்ஸ் சீலிங்கில். சத்தம் அடங்கி, வெள்ளைத் தூள் உதிர்ந்துகொண்டே இருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு பொம்பளை, இடுப்பில் குழந்தை. குழந்தை அழக்கூட இல்லை, வாயைத் திறந்தபடி மேலே பார்த்தது. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. செக்யூரிட்டி அண்ணன் அன்றைக்கு முழுக்கக் கைநடுக்கத்தோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் கவனமில்லாதவர் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். கவனமான ஆளுக்கும் கால் தட்டும்.

இதே கதைதான் ரூகர் கம்பெனிக்கும். 1973-க்கு முன் அவர்கள் செய்த கௌபாய் பாணி ரிவால்வரில், ஆறு தோட்டா போட்டுக் கீழே தவறவிட்டால் வெடிக்க வாய்ப்புண்டு. அதனால் விவரமானவர்கள் ஐந்துதான் போடுவார்கள். 1973-லிருந்து உள்ளே ஒரு தகடு வைத்து அதைச் சரிசெய்தார்கள். பழையதை அனுப்பினால் காசில்லாமல் மாற்றித் தருகிறோம், கழற்றிய பாகங்களையும் திருப்பித் தருகிறோம் என்றும் சொன்னார்கள். ஆனால் நிறையப் பிரியர்கள் அனுப்பவில்லை. காரணம்? சுத்தியலை இழுக்கும்போது நான்கு முறை 'க்ளிக்' கேட்பது போய்விடுமாம். சங்கீத சபா தோற்றது போங்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வாதத்தில் ஒன்று கனமானது. எடை குறைந்த, உதை அதிகமான ரிவால்வர்களில், சுடும்போதே பூட்டு தானாக விழுந்துவிட்டதாகப் புகார்கள் உண்டு. உயிருக்காக வைத்திருக்கும் பொருள் அந்த நேரத்தில் பூட்டிக்கொண்டால் கோபம் வராதா? வரும். ஆனால் பூட்டு சரியில்லை என்றால் நல்ல பூட்டு கேட்க வேண்டும். கதவே திறந்து கிடக்கட்டும், எங்க தாத்தா காலத்தில் அப்படித்தான் என்பது என்ன கணக்கு? மரப்பிடி, மெருகு, கையால் இழைத்துப் பொருத்திய வேலைப்பாடு எல்லாம் திரும்பி வரட்டும். நானே ரசிப்பேன். அந்தச் சாக்கில் சாவியையும் தூக்கி எறிவதைத்தான் சொல்கிறேன்.

நமக்கென்ன, அது அமெரிக்கக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். வெப்லி தெரியுமில்லையா, வெள்ளைக்கார துரை இடுப்பில் தொங்கியது? நடுவில் மடக்கித் திறந்தால் காலித் தோட்டாவெல்லாம் தானே துள்ளி வெளியே வரும். அந்த வெப்லி அண்ட் ஸ்காட் லக்னோ கம்பெனி ஒன்றோடு சேர்ந்து 2020-ல் உத்தரப் பிரதேசத்தில், ஹர்தோய் மாவட்டம் சண்டிலாவில், .32 ரிவால்வர் தயாரிக்க வந்தது. அதே பழைய மடக்கு அமைப்பு. கான்பூர் அரசுத் தொழிற்சாலை ரிவால்வர்களும் ஏற்கெனவே அந்த வம்சம்தான். 2014-ல் பெண்களுக்கு என்று நகைப்பெட்டி மாதிரி டப்பாவில் வைத்து 1.22 லட்சத்துக்கு வந்த 'நிர்பீக்' உட்பட. ஆனாலும் நம் ஆட்களுக்கு 'ஒரிஜினல் வெப்லி' என்றால் தனிக் கிறக்கம். 1980-களின் நடுவில் சாதாரண ஆட்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வது அடைபட்டது. அதற்கு முன் வந்த வெளிநாட்டு ரிவால்வர்கள் லைசென்ஸ்காரர்களுக்குள் லட்சக்கணக்கில் கைமாறுகின்றன. அந்த விலை தட்டுப்பாட்டின் விலை. அதைப் பழைய டிசைனின் மகிமை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மரபு என்றால் என்ன என்று என் குடகுச் சகா ஒருவரிடம்தான் கேட்க வேண்டும். கொடவர்களுக்கு ஆயுதச் சட்டத்தில் லைசென்ஸ் விலக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து உண்டு. செப்டம்பரில் கைல்போள்து அன்று துப்பாக்கிகளைக் கழுவி, பூஜையில் வைத்து, 'தோக் பூ' சூட்டுகிறார்கள். துப்பாக்கிப் பூ! அது வேறொன்றும் இல்லை, நம் தமிழ்நாட்டு மாநில மலர் செங்காந்தள். இதைக் கேட்டு எனக்கு ஒரு நிமிஷம் புல்லரித்தது. நம்ம டெக்சாஸ் கதையை அவரிடம் சொன்னேன். "பூஜை முடிஞ்சதும் எங்கப்பா அலமாரியைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிக்குவார் சார். அம்மாகிட்டகூடத் தரமாட்டார்" என்றார்.

இதை அப்படியே நண்பரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். ரிவால்வர் லைசென்ஸுக்கு எழுதிப் போட உத்தேசமாம். "அது சரி சார், உங்க பேங்க் லாக்கர்ல வைக்கலாமா?" என்று கேட்டார்.

முடியாது, ஆயுதம் வைக்கக் கூடாது என்று லாக்கர் அக்ரிமென்ட்டிலேயே இருக்கிறது என்றேன்.

"அப்ப வீட்லதான். பெட்ரூம் ட்ராயர்ல வச்சுக்க வேண்டியதுதான்."

அவர் பையன் யூகேஜி. ட்ராயரை இழுத்துப் படி மாதிரி ஏறித்தான் மேலே இருக்கும் சாக்லேட் டப்பாவை எடுப்பான் என்று அவர் மனைவி என் வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.