தப்பு அக்கா மேல இல்லீங்க!

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறார். சம்பளம் இப்போது பேங்கில்தான் ஏறுகிறது. போன மாதம் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கப் போனவரிடம், "சேமிப்பா, நடப்பா?" என்று மெஷின் கேட்டிருக்கிறது. 'நடப்பு மாசத்துச் சம்பளம்தானே' என்று நடப்பை அழுத்தியிருக்கிறார். பணம் வரவில்லை.

மறுபடி முயன்றால், எழுத்து ஓரிடத்தில், பட்டன் கொஞ்சம் கீழே. எதற்கு எது என்று யோசிப்பதற்குள் கார்டு வெளியே வந்துவிட்டது. பின்னால் நின்றவர்களின் முணுமுணுப்பு வேறு. "குடுங்கக்கா, நான் எடுத்துத் தர்றேன்" என்ற பையனிடம் கார்டையும் நம்பரையும் கொடுத்துவிட்டார். அவன் 3,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தான். ஆனால் திருப்பித் தந்தது வேறு யாருடைய கார்டோ! சாயங்காலத்துக்குள் மீதி 8,000 ரூபாயும் போயே போச்சு.

"படிக்காத பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று வீட்டில் ஒரே திட்டு. தோழிகளே, பத்தாவது படித்த நானும் அதே 'நடப்பு'வில் தடுமாறியவள்தான். நடப்புக் கணக்கு வியாபாரிகளுக்கானது என்று நமக்கு யார் சொன்னார்கள்?

1967-ல் லண்டன் அருகே என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி வைத்த பணம் தரும் மெஷினை உருவாக்கியவர், நம் ஷில்லாங்கில் பிறந்த ஜான் ஷெப்பர்ட் பேரன். ரகசிய எண்ணை ஆறு இலக்கமாக வைக்கத்தான் நினைத்தாராம். நாலுக்கு மேல் தனக்கு ஞாபகம் இருக்காது என்று மனைவி சொன்னதும் நாலாகக் குறைத்தாராம். அவரே சொன்ன கதை இது. மனைவிக்கு மறதி என்று அவர் திட்டவில்லை, மெஷினை மாற்றினார்!

நம் நாட்டிலும் 1951-52 முதல் பொதுத்தேர்தலில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சின்னம் வைத்தார்களே! நம் பாட்டிமார் யாரையும் கேட்காமல் ஓட்டுப் போட்டது அதனால்தானே?

எங்கள் ஊரில் சாம்பிள் தைத்து, போட்டுப் பார்த்து, ஓ.கே. ஆன பிறகுதான் ஆர்டரே ஓடும். கழுத்து இறுக்கினால் போடுகிறவர் தலை பெரிசு என்றா சொல்வோம்? பேட்டனைத்தானே திருத்துவோம்! மெஷினுக்கும் அப்படி ஒரு சாம்பிள் பார்க்கட்டுமே. அக்கா மாதிரி ஐந்தாறு பெண்களை நிறுத்தி, எதுவும் சொல்லித் தராமல், எங்கே விரல் தயங்குகிறது என்று பார்த்தாலே போதும்.

அதுவரை, புரியாவிட்டால் பேங்க்குக்குள்ளே போய்க் கேளுங்கள். கார்டையும் நம்பரையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். முக்கியமாக, ஏமாந்தவளைத் திட்டாதீர்கள்!

- ஒரு இல்லத்தரசி, அனுப்பர்பாளையம், திருப்பூர்.