120,000 வெள்ளி மானியமும் அம்மாவின் குறிப்பேடும்

“நீ படிப்பை முடிச்சு வேலைக்குப் போறதுக்குள்ள வீட்டுக்கு மனு போட்டுடணுமாமே, உண்மையாம்மா?”

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிலோன் ரோடு செண்பக விநாயகர் ஆலயத்திலிருந்து நடந்து வரும்போது அம்மா இப்படிக் கேட்டார். ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் ஓர் உணவுக்கடைச் சமையலறையில் அவர் வேலை பார்க்கிறார். உடன் வேலை செய்யும் அக்கா ஒருவர் சொல்லியிருக்கிறார். மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பது அம்மாவின் நம்பிக்கை. எனக்குத் தெரியவில்லை. “பார்த்துச் சொல்றேம்மா” என்று சமாளித்தேன். பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காத்தோங் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பெரனாக்கன் வீடுகளும் லக்சாவும் கூட்டுரிமை வீடுகளும்தான். அதே வட்டாரத்தில் வீவகவின் வாடகை வீடுகளும் இருக்கின்றன. அப்பா இறந்தபிறகு அம்மாவும் நானும் அப்படியோர் ஈரறை வீட்டில் வசிக்கிறோம். சிங்கப்பூரில் வீட்டுரிமைத் திட்டம் 1964ல் தொடங்கியது. மத்திய சேம நிதியைக் கொண்டு வீடு வாங்கலாம் என்று 1968ல் வழி திறந்தது. இன்று வீவக வீடுகளில் வாழ்வோரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். நாங்கள் அந்தப் பத்தாவது ஆள்.

2024 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லாரன்ஸ் வோங், மேம்பட்ட மத்திய சேம நிதி வீட்டு மானியம் உயர்த்தப்படுவதாக அறிவித்தார். குடும்பங்களுக்கு 80,000 வெள்ளியாக இருந்த உச்சவரம்பு 120,000 வெள்ளியானது. ஒற்றையருக்கு 60,000 வெள்ளி. குடும்ப மாத வருமானம் 9,000 வெள்ளிக்குள் இருக்கவேண்டும். வருமானம் குறையக் குறைய மானியம் கூடும். 1,500 வெள்ளிக்குள் சம்பாதிக்கும் குடும்பத்துக்குத்தான் முழுத் தொகை. அம்மாவின் சம்பளம் 2,000 வெள்ளி. அவருக்கும் 100,000 வெள்ளிக்கு மேல் கிடைக்கும்.

அம்மா வரவுசெலவு எழுதும் பழைய குறிப்பேட்டை எடுத்து இருவரும் கணக்குப் போட்டோம். வீவக கடனுக்கு வட்டி 2.6 விழுக்காடு. மாதத் தவணை வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அம்மாவுக்கு அது 600 வெள்ளி. கடனை 25 ஆண்டுகளில் அல்லது 65 வயதுக்குள் அடைக்கவேண்டும். அம்மாவுக்கு இப்போது 45 என்பதால் 20 ஆண்டுகள்தான். அந்தக் கணக்கில் ஏறக்குறைய 112,000 வெள்ளி கடன் வாங்கலாம். இதில் எனக்கு வியப்பளித்த விஷயம், அவருடைய சாதாரணக் கணக்கில் மாதந்தோறும் 420 வெள்ளி சேர்கிறது என்பது. தவணையில் பெரும்பகுதி அதிலிருந்தே போய்விடும், கையிலிருந்து 180 வெள்ளி போட்டால் போதும். 2,000 வெள்ளி சம்பளக்காரர் வீடு வாங்க முடிவது இப்படித்தான். வயதான காலத்துக்கான சேமிப்பும் அதே பணம்தான் என்பதை அம்மா உடனே பிடித்துக்கொண்டார். “அப்போ வயசான காலத்துல சுவத்தையா சாப்பிடுறது?” என்றார். பொருளியல் வகுப்பில் இதைச் சொல்ல எங்கள் விரிவுரையாளருக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

அடுத்த கேள்வி, எங்கே வாங்குவது? அம்மாவுக்குக் காத்தோங்கை விட்டுப்போக மனமில்லை. வேலை இங்கே, கோயில் இங்கே. மறுவிற்பனை வீடு வாங்கும் முதன்முறைக் குடும்பத்துக்கு இன்னொரு 80,000 வெள்ளி மானியமும் உண்டு. எல்லாம் சேர்த்தால் அம்மாவால் 300,000 வெள்ளியை எட்டிப்பிடிக்க முடியும். மரின் பரேட்டில் மூவறை வீட்டுக்கே அதைத் தாண்டித்தான் கேட்கிறார்கள். கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் 1970களில் எழுந்த பேட்டை அது. 99 ஆண்டுக் குத்தகையில் ஏறக்குறைய பாதிதான் மீதம். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வாங்குவோரில் ஆக இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை இருந்தால்தான் முழு மானியம், இல்லாவிட்டால் விகிதப்படி குறையும். அம்மாவுக்கு 50 ஆண்டு தேவை. 27 வயதில் திருமணம் செய்து இங்கே வீடு தேடும் தம்பதிக்கு 68 ஆண்டு வேண்டும். ஆக, இந்தப் பேட்டையில் வளர்ந்த பிள்ளைகளுக்கே இங்கே மானியம் சுருங்குகிறது. பழைய வீட்டில் இளையர் மாட்டிக்கொள்ளக்கூடாது என்ற காரணம் நியாயமானதுதான். ஆனால், பெற்றோருக்கு அருகில் வசிக்கச் சொல்லித் தனியாக ஒரு மானியம் தருவதும் இதே அரசாங்கம்தான்.

தேவைக்கேற்பக் கட்டித்தரும் புதிய வீடுதான் எங்களுக்கு எட்டும். வாடகை வீட்டில் இருப்போருக்கு அதில் முன்னுரிமையும் உண்டு. வேறு வட்டாரத்துக்குப் போகவேண்டியிருக்கும், சில ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டும். அம்மா அதற்கு மெல்ல மெல்ல மனத்தைத் தயார்செய்கிறார்.

சிக்கல் வேறோர் இடத்தில் வந்தது. மானியம் பெற, விண்ணப்பிப்பவர் முந்தைய 12 மாதங்கள் தொடர்ந்து வேலை செய்திருக்கவேண்டும், விண்ணப்பிக்கும்போதும் வேலையில் இருக்கவேண்டும். அம்மா முன்பு வேலை பார்த்த உணவுக்கடை இந்த ஜனவரியில் குத்தகை முடிந்து மூடப்பட்டது. இரண்டு மாதம் வேலையில்லை. மார்ச்சில் புதிய இடத்தில் சேர்ந்தார். அதற்குமுன் ஆறு ஆண்டுகள் ஒரு நாள்கூட விடாமல் போனவர். அந்த ஆறு ஆண்டுகள் கணக்கில் வராது, 12 மாதம் மார்ச்சிலிருந்து மறுபடி எண்ணப்படும்.

நிபந்தனையின் காரணம் எனக்குப் புரிகிறது. 20 ஆண்டுக் கடனை நிலையான வருமானம் இல்லாதவர் தலையில் ஏற்றினால், அவர் வீட்டை இழந்து வாடகை வீட்டுக்கே திரும்ப நேரிடும். ஆயினும், ஆகக் குறைந்த சம்பளத்தில் இருப்போர்தான் ஒப்பந்தம் முடிந்தும் கடை மூடியும் அடிக்கடி இடம் மாறுகிறார்கள். பெரிய மானியம் யாருக்காக வைக்கப்பட்டதோ அவர்களுக்கே இந்த 12 மாதத்தை எட்டுவது கடினமாக இருக்கிறது. 18 மாதத்தில் 12 மாதம் வேலை செய்திருந்தால் போதும் என்று மாற்றினால், எச்சரிக்கையும் குறையாது, அம்மா போன்றவர்களும் விடுபடமாட்டார்கள் என்பது என் கருத்து.

இப்போது அம்மாவின் முதல் கேள்விக்கு வருகிறேன். ஆம், உண்மைதான். மானியத்தைக் கணக்கிடும்போது விண்ணப்பத்தில் பெயர் உள்ள அனைவரின் வருமானமும் சேரும். நான் பட்டம் பெற்று 4,500 வெள்ளி சம்பளத்தில் சேர்ந்தால் வீட்டு வருமானம் 6,500 வெள்ளியாகும். அந்த நிலைக்கான மானியம் இப்போது கிடைக்கக்கூடியதில் பாதிக்கும் குறைவு. கடன் தகுதி மூன்று மடங்காகும், அது வேறு கதை. அதற்கு நான் உரிமையாளராகப் பெயர் சேர்க்கவேண்டும். அப்படிச் சேர்த்தால், பின்னாளில் எனக்கென்று வீடு தேடும்போது முதன்முறை வாங்குவோர் என்ற தகுதி என்னிடம் இருக்காது. சேர்க்கலாமா என்று நான் கேட்டபோது அம்மா பதில் சொல்லாமல் குறிப்பேட்டை மூடிவிட்டார்.

குடும்பம் முன்னேறியபிறகு உதவி குறைவது சரியே. ஆனால், முன்னேற்றம் என்பது நான் முதல் சம்பளம் வாங்கும் நாளிலேயே நடந்துவிடுகிறதா? என் படிப்புக்கடன் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

அம்மாவின் 12 மாதம் வரும் மார்ச்சில் நிறைவடையும். எனக்கு மே மாதம் கடைசித் தேர்வு. இடையில் சில வாரங்கள். அதற்குள் வீட்டுத் தகுதிக் கடிதத்துக்கு விண்ணப்பிக்கத் தேவையான சம்பளச் சீட்டுகளை அம்மா ஒவ்வொன்றாகக் குறிப்பேட்டுக்குள் வைத்து வருகிறார். இதுவரை ஏழு சேர்ந்திருக்கின்றன.