கூடம் பளபளக்கிறது, கட்டில்?

முதியோர் இல்லத்திலே ஆண்டு விழா! வாழை மரம் கட்டப்படுகிறது, வண்ணத்தாள் தொங்குகிறது, கட்டில்களுக்குப் புது விரிப்பு வருகிறது. பெருமக்கள் வருகிறார்கள், பழமும் ரொட்டியும் தருகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், பாராட்டு மொழி எழுதிக் கையொப்பமிட்டுச் செல்கிறார்கள். கார்கள் கிளம்பிய பிறகு, புது விரிப்பு மீண்டும் பெட்டிக்குள் போன பிறகு, அங்கே நடப்பதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கிறோம்.

எல்லா இல்லங்களும் இப்படி என்று நாம் கூறவில்லை. பெற்ற பிள்ளை காட்டாத பரிவைக் காட்டும் இல்லங்கள் உண்டு, அவற்றை வணங்குகிறோம். ஆனால், தாயை அழைத்துக்கொண்டு வாசலிலே வந்து நிற்கும் மகளுக்கு, இது நல்ல இல்லமா அல்லவா என்று சொல்ல அங்கே என்ன இருக்கிறது? பெயர்ப் பலகை இருக்கிறது. நன்கொடையாளர் பட்டியல் இருக்கிறது. தரத்தின் அளவு மட்டும் இல்லை! தராசு இல்லாத சந்தையில் நாணயமான வணிகனுக்கும் நட்டந்தான்.

அளப்பது எப்படி என்று கேட்பார்கள். கூடத்தை அளக்காதீர், கட்டிலை அளந்திடுக! எழமுடியாத கிழவரின் முதுகைப் பாருங்கள். உரிய நேரத்தில் புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண் பெரும்பாலும் வராது. வந்திருந்தால், அது கொண்டுவந்த புண்ணா, இங்கே வந்த புண்ணா? ஏடு சொல்லட்டும். மாதந்தோறும் எடை பார்க்கப்படுகிறதா? குறையும் எடை, சமையற்கட்டின் கதையைச் சொல்லும். அல்லது கவனிக்கப்படாத நோயின் கதையைச் சொல்லும். கழிப்பறையில் பிடித்தெழக் கைப்பிடி உண்டா? இரவு 2 மணிக்குக் குரல் கொடுத்தால் ஓடிவர ஆள் உண்டா? தூக்க மாத்திரை டாக்டர் எழுதிக் கொடுத்ததா, காவலிருப்பவர் தூங்குவதற்காகக் கொடுக்கப்படுவதா? உதவித் தொகை வரும் வங்கிப் புத்தகம் யார் பெட்டியில் இருக்கிறது? குறை சொன்னால் குழம்பு குறையுமோ என்ற அச்சமில்லாமல் ஒரு மூதாட்டி வாய்திறக்க முடிகிறதா?

இவற்றை அளக்கக் கோடிகள் வேண்டியதில்லை. கண் வேண்டும், கருத்து வேண்டும், சொல்லாமல் கொள்ளாமல் சென்று பார்க்கும் துணிவு வேண்டும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது! 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது என்று தொடங்கி, வறிய முதியோர் 150 பேருக்குக் குறையாமல் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. ‘வேண்டும்’ என்றல்ல, ‘லாம்’ என்கிறது. அந்த ஓரெழுத்து ஈரெழுத்து இடுக்கிலே எத்தனை முதுமைகள் நசுங்குகின்றன! இல்லங்களைப் பதிவு செய்யவும், குறைந்தபட்சத் தரம் வகுக்கவும் 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வைக்கப்பட்டது. 2024இல் அவை கலைந்தபோது அதுவும் கலைந்தது. அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இல்லங்களின் தரத்தை விதித்திடும் அதிகாரத்தை அந்த 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவே மாநிலத்துக்குத் தந்திருக்கிறது. விதி எழுதுவது முதற் படி; நேரில் பார்ப்பது இரண்டாம் படி; பார்த்ததை ஊரறியச் சொல்வது மூன்றாம் படி. மூன்றும் ஏறினால்தான் மாடி!

இங்கிலாந்தில் 2009 முதல் இதற்கென ஓர் ஆணையம் இயங்குகிறது. பாதுகாப்பு உண்டா, பயன் உண்டா, பரிவு உண்டா, தேவையறிந்து நடக்கிறார்களா, நிர்வாகம் செம்மையா என்ற ஐந்து கேள்விகளைக் கேட்டு, மிகச் சிறப்பு முதல் போதாது வரை நான்கு தரங்களில் ஒன்றைச் சூட்டுகிறது. 2015 முதல் அந்தத் தரத்தை இல்லங்கள் மக்கள் காணும்படி எடுத்து வைத்தாக வேண்டும். அங்கே எல்லாம் பொன்னுலகம் என்று புகழவில்லை நாம். அந்த ஆணையத்திடமே பெருங்குறைகள் உண்டென்று, அரசு அமர்த்திய ஆய்வு 2024இல் எடுத்துக்காட்டியது. அளப்பவரையும் அளக்கிறார்கள் என்பதுதான் அதிலே நமக்குப் பாடம்.

“தருமம் செய்கிறவரைக் கேள்வி கேட்கலாமா? இடமே கிடைக்காமற் போய்விடுமே!” என்று சிலர் பதறுவர். தட்டிலே இடப்படுவது பிச்சையா? ஏர் பிடித்த கை, தறி ஓட்டிய கை, நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்த கை அது! நாடு திருப்பித் தரும் கடன் அது. கடனைத் திருப்பித் தருகிறவர் கணக்குக் காட்டத் தயங்கலாமா?

ஒன்றை மறவாதிருப்போம். இருபது கட்டிலுக்கு ஒரே ஆயா, அவருக்கும் அரைவயிற்றுக் கூலி என்றால், புண்ணுக்கு அவரைக் குற்றவாளியாக்குவது நீதியல்ல. ஆய்வு என்பது பூட்டுப் போடுவதற்கல்ல. பயிற்சி தரவும், ஆள் கூட்டவும், உதவித் தொகை உயர்த்தவும் வழிகாட்டட்டும். திருந்த மறுக்கும் இடத்துக்கு மட்டும் பூட்டு; அதுவும் அங்குள்ளோருக்கு மாற்றிடம் கண்ட பிறகு.

அரசினர்க்கு நாம் கூறுவது இதுதான்: ஒவ்வோர் இல்லத்தின் வாசலிலும் தரம் தொங்கட்டும். 14567 என்னும் முதியோர் உதவி எண், படுத்திருப்பவர் கண்ணுக்குத் தெரியும் சுவரிலே எழுதப்படட்டும். அழைக்க ஒரு தொலைபேசியும் கையெட்டும் தொலைவில் இருக்கட்டும். ஊராருக்கு நாம் கூறுவது: பிறந்த நாளுக்குச் சோறு போடப் போகிறீர்களே, போங்கள், இலையைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், கடைசிக் கட்டில்வரை நடந்து பாருங்கள்!