அறிவிப்பு யார் வழியாக வருகிறது?

படிவம் 5 மாணவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த விஷயம் உனக்கு எப்படித் தெரிந்தது?" ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரத் தோட்டப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டாங்க, சார்."

அந்த யாரோ ஒருவர் போட மறந்தால்? மெட்ரிகுலேஷன், யுபியு, உதவித்தொகை என எல்லா விண்ணப்பத்திற்கும் இறுதி நாள் உண்டு. பட்டணத்துப் பிள்ளைக்கு நினைவூட்ட அண்ணனோ அக்காவோ இருக்கலாம். தோட்டத்தில் பல வீடுகளில் மேற்படிப்புக்குப் போகும் முதல் ஆளே அந்த மாணவர்தான்.

முன்பு பெரட்டுக் களத்தில் தண்டல் சொன்னதுதான் செய்தி. அந்த இடத்தில் இன்று முகநூலும் டிக்டாக்கும் நிற்கின்றன. எதைக் காட்டுவது, எதை ஒதுக்குவது என்பது அவற்றின் கணக்கு. கனடாவில் 2023 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் சட்டத்தை ஏற்காத மெட்டா நிறுவனம், முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி இணைப்புகளையே நிறுத்திவிட்டது. அதே மாதம் காட்டுத்தீயால் யெல்லோநைஃப் நகர மக்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அந்த நேரத்திலும் செய்திகளை அங்கே பகிர முடியவில்லை.

நம் நாட்டு நிலவரத்திற்கு வருவோம். 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2026 முதல் சமூக ஊடகக் கணக்கு இல்லை என்று தொடர்புத் துறை அமைச்சர் பாஹ்மி பாட்சில் 2025 நவம்பரில் அறிவித்தார். ஆஸ்திரேலியாவில் அத்தகைய தடை 2025 டிசம்பர் 10-இல் நடப்புக்கு வந்தது. தடை சரியா தவறா என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். முகநூலில் மட்டும் அறிவிப்பை ஒட்டிவிட்டு 'எல்லாருக்கும் சொல்லிவிட்டோம்' என்று இருப்பவர்கள் படிவம் 3 மாணவரை எப்படி எட்டுவார்கள்?

கணக்கே தேவைப்படாத பழைய வழி ஒன்று இருக்கிறது: ஆர்எஸ்எஸ். தமிழில் செய்தியோடை என்பார்கள். 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இதை உருவாக்கியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்த இராமநாதன் குஹா. ஒரு தளத்தில் புதிதாக ஏதும் வந்தால் அதன் தலைப்பு, தேதி, இணைப்பு ஆகியவை ஒரு சிறு கோப்பில் சேரும். நம் கைப்பேசியில் உள்ள வாசிப்புச் செயலி அந்தக் கோப்பை அவ்வப்போது பார்த்து, புதியதை மட்டும் கொண்டுவரும். பெரும்பாலும் வெறும் எழுத்துதான் என்பதால் தரவு அதிகம் செலவாகாது. செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு கோடு, இரண்டு கோடு சிக்னலில் படிக்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

தமிழர்களுக்கு இது புதிதும் அல்ல. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டி, பல நாட்டுத் தமிழ் வலைப்பதிவுகளை இந்த ஓடைகள் வழியாகவே ஒரே பக்கத்தில் சேர்த்தது. கூகல் ரீடர் 2013 ஜூலை 1-இல் மூடப்பட்டபோது ஆர்எஸ்எஸ் செத்துவிட்டது என்றார்கள். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாததால் அது சாகவில்லை. நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட்கள் பெரும்பாலும் இன்றும் அதன்மேல்தான் ஓடுகின்றன.

ஃபீட்லி, இனோரீடர் போன்ற செயலியில் தளத்தின் முகவரியைக் கொடுத்தால், ஓடை இருந்தால் அதுவே கண்டுபிடித்துவிடும். வேர்ட்பிரஸ் தளமானால் முகவரியின் கடைசியில் சாய்கோடு இட்டு 'ஃபீட்' என்று ஆங்கிலத்தில் சேர்த்துப் பாருங்கள். சில செயலிகள் தங்களுக்கென ஒரு கணக்கு கேட்கும், கேட்காதவையும் உண்டு.

எனக்கு அதிகம் பிடித்தது வேறொன்று. பின்தொடரும் தளங்களின் பட்டியல் முழுவதையும் ஓபிஎம்எல் என்ற ஒரே கோப்பாக எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம். ஓர் ஆசிரியர் பத்துத் தளங்களைத் தேர்ந்து அனுப்பினால், வகுப்பு முழுவதற்கும் அது போகும்.

குறை இல்லாமலில்லை. ஓடை செய்தியைக் கொண்டுவரும். அது உண்மையா என்று சொல்லாது. ஓடையே தராத தளங்களும் ஏராளம். அவற்றுக்கு வாரம் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பள்ளித் தளங்களைக் கவனிக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் தங்கள் தளத்தில் ஓடை இயங்குகிறதா என்று இந்த வாரமே பார்க்கலாம். பல தளங்களில் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. யாரும் அதன் முகவரியை மாணவர்களிடம் சொன்னதில்லை.